எட்டு எந்திரங்களும் ஒரு வெள்ளிக்கிழமைச் சோதனையும்

அனுப்புநர்:
ஃபைனெஸ் நசோம்பே,
இயக்குநர் (தற்போது இடைநீக்கத்தில்),
நமிதுலு ஓடை சிறு நீர்மின் நிலையம்,
முலாஞ்சே மாவட்டம், மலாவி.

பெறுநர்:
தென்மண்டலத் தலைமை மின் ஆய்வாளர் அவர்கள்,
பிளான்டயர்.

பொருள்: பிட்காயின் எந்திரங்களின் ஃபர்ம்வேரை மாற்றியதற்காக என்னை இடைநீக்கம் செய்த உத்தரவை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஓடைச் சக்கரம் நாற்பது கிலோவாட் மின்சாரம் தருகிறது. மூன்று ஊர் வீடுகளும் ஒரு மாவு மில்லும் போக மிஞ்சுவதைப் பயன்படுத்த ஊர்க்குழு, இரவுபகலாகக் கணக்குப் போட்டு பிட்காயின் என்ற இணையப் பணத்தை ஈட்டும் எட்டு எந்திரங்களை வாங்கி வைத்திருக்கிறது. அவை ஈட்டுவதில்தான் நிலையம் நடக்கிறது. ஆறு ஆண்டுகளாக அதன் இயக்குநர் நான்.

2. ஃபர்ம்வேர் என்பது எந்திரத்தை உள்ளிருந்து ஆட்டுவிக்கும் மென்பொருள். தொழிற்சாலை போட்டு அனுப்பியதற்குத் தெரிந்தது இரண்டே நிலை: முழு வேகம் அல்லது நிறுத்தம். முழு வேகத்தில் ஓடும்போது மில்லைப் போட்டால் மின்சாரம் போதாமல் எல்லாம் படுத்துவிடும். எந்திரங்களை அணைத்துவிட்டு மில்லைப் போட்டாலோ, ஒரு வாளிச் சோளம் அரைந்து மில் நிற்கும் நொடியில் சக்கரம் சுமையின்றித் தறிகெட்டுச் சுற்றி, மின்னழுத்தம் எகிறி, வீடுகளில் பல்புகள் வெடிக்கும். இரண்டையும் சமாளிக்க, எந்திர அறைக்கும் மில்லுக்கும் இடையே இரண்டு வருடம் ஓடினேன். வரிசையில் நின்ற பெண்கள், “மெஷினுக்கு ஆயா வேலை பாக்குறியே ஃபைனெஸ், அது அழுதா தூக்கிக்குவியா?” என்று கேட்டுச் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டேன்.

3. பிறகுதான் வேறு ஃபர்ம்வேரை ஏற்றினேன். அதில் ஒவ்வொரு எந்திரமும் எத்தனை வாட் இழுக்கலாம் என்று நாம் சொல்லலாம். மில் ஓடத் தொடங்கினால் எட்டும் தாமாக மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், நின்றால் ஏறிவிடும். முதல் எந்திரத்தில் தவறான பதிப்பை ஏற்றி, அது ஒன்பது நாள் செத்துக் கிடந்ததை மறைக்கவில்லை. மில்லைக் கவனிக்கும் திருமதி எடினா, “அடக்கம் என்னைக்குன்னு சொல்லு, பாட்டுக்கு ஆள் கூட்டிட்டு வரேன்” என்றார். பத்தாம் நாள் அது எழுந்தது. அதன்பின் பதினான்கு மாதங்களில் மில்லால் ஒருமுறைகூட ஊர் இருளவில்லை. இது என் கைவேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

4. ஜூன் 12 அன்று ஆய்வாளர் திரு. வைசன் கச்சிபாபா வந்தார். விளக்கு எரிகிறதா என்று கேட்கவில்லை. எந்திரத்தில் கம்பெனி ஒட்டிய முத்திரைச் சீட்டு கிழிந்திருப்பதைப் பார்த்து, “ஃபேக்டரிக்காரன் என்ன முட்டாளாம்மா? அவனைவிட உனக்குத் தெரியுமோ?” என்றார். பழைய ஃபர்ம்வேரை ஏற்றிவைக்கும்படியும், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தம் முன்னிலையில் சோதனை நடக்கும் என்றும் சொன்னார். எங்கள் பகுதியில் பெரும்பாலோர் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் சபையினர்; அன்று எந்த வேலையும் செய்யமாட்டார்கள். அதனால் வெள்ளி மதியம் மூன்று ஊரும் மில்லில்தான் நிற்கும். வேறு நாள் வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டேன். “கூட்டம் இருந்தா நல்லதுதானே, நாலு பேர் பாக்கட்டும்” என்றார்.

5. நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள். பழைய ஃபர்ம்வேரில் எந்திரங்கள் முழு வேகத்தில் ஓட, மில்லைப் போடச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் மில் சோளத்தை வாயில் அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று ஊரிலும் மின்சாரம் போயிற்று. சக்கரத்தை மீண்டும் ஓடவிட்டு, எந்திரங்களை அணைத்துப் பார்க்கச் சொன்னார். முதல் வாளி அரைந்தது. மில் நின்றதும் பதினொரு பல்புகளும் போதகரின் ஒலிபெருக்கியும் போயின. அதற்குள் பெண்கள் வாளிகளோடு அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். “சார், நாளைக்கு எங்க வீட்ல ன்சிமாக் களி கிண்ட மாவு இல்ல. உங்க வீட்டுக்கு வந்துரட்டுமா எல்லாரும்?” என்றார் திருமதி எடினா. ஐயா, அப்போது ஆய்வாளர் என்னைப் பார்த்துச் சொன்னது இது: “நீ போட்டதையே போட்டுத் தொலைம்மா, சீக்கிரம்!”

6. முக்கால் மணி நேரத்தில் எட்டிலும் ஏற்றினேன். பொழுது சாய்வதற்குள் நாற்பத்து மூன்று வாளியும் அரைந்து வீடு போய்ச் சேர்ந்தன. மின்னழுத்தம் ஒரே அளவில் நின்றதை ஆய்வாளரே தம் கைப்பட எழுதினார். அந்தப் பக்கத்தின் படம் இணைக்கப்பட்டுள்ளது. கூட்டத்தில் யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

7. நகரத்துக்குத் திரும்பிய பின், 17ஆம் தேதியிட்டு உத்தரவு அனுப்பினார். சோதனையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதல் பத்தி: நான் நிலையத்துக்குள் நுழையவோ எந்திரங்களைத் தொடவோ கூடாது. இரண்டாம் பத்தி: ஜூலை முதல் தேதிக்குள் பழைய ஃபர்ம்வேரை மீண்டும் ஏற்ற வேண்டும். யார் ஏற்றுவது என்று ஊர்க்குழுத் தலைவர் போனில் கேட்டதற்கு, “தெரிஞ்சவங்க யாராவது ஏத்தட்டும்” என்று பதில் வந்தது.

8. ஐயா, மூன்று ஊரிலும் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதல் பத்தியை எழுத்துக்கு எழுத்து மதித்து, சாவியை ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வெளியே நிற்கிறேன். நான் ஏற்றிய ஃபர்ம்வேர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, உத்தரவு முழுவதையும் ரத்து செய்து என்னை மீண்டும் பணியில் அமர்த்துமாறு வேண்டுகிறேன். இரண்டாம் பத்தி மட்டுமாவது நிறைவேற வேண்டுமென்று தாங்கள் கருதினாலும், அதற்கு முதல் பத்தியை நீக்கியே ஆக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் சாவி என்னிடம்தான் வந்து சேரும். அது நல்ல மனதோடு வந்து சேரட்டும் என்பதே என் விண்ணப்பம்.

இடம்: நமிதுலு
நாள்: 24.06.2024

இவண்,
ஃபைனெஸ் நசோம்பே

இணைப்பு: ஆய்வாளர் கைப்பட எழுதிய அளவீட்டுப் பக்கத்தின் படம், மில் வரிசையில் நின்ற நாற்பத்து மூன்று பேரின் கையொப்பம்.