சாதா பியூஸ் போட மாட்டேன்

செவ்வாய், இரவு.

கட்டுமாவடி ஐஸ் பிளாண்டில் மோட்டாரைக் கிளப்பும் தைரிஸ்டர் காலையில் வெடித்து, பக்கத்தில் நின்ற வேலைக்காரப் பெண் செல்விக்குக் கை வெந்துவிட்டது. ரிப்பேருக்கு என்னைக் கூப்பிட்டார்கள்; புதியதை மாட்டினேன். சட்டென்று உருகி அதைக் காக்கும் வேகமான பியூஸ் மட்டும் கையில் இல்லை.

“சாதா பியூஸ் போடும்மா, ஐஸ் இல்லாம மீனு அழுகுது,” என்றார் முதலாளி.

“அது உருகறதுக்குள்ள தைரிஸ்டர் மறுபடி வெடிச்சிரும் பாய். செல்வி கையப் பாத்தீங்கல்ல?”

“வேற ஆளக் கூப்பிடுறேன்.”

“கூப்பிடுங்க. அவரையும் தொட விடமாட்டேன்.”

மோட்டார் பேனலை மறித்து உட்கார்ந்துகொண்டேன். மாலையில் புதுக்கோட்டை பஸ்ஸில் நான் போனில் சொல்லியிருந்த சரியான பியூஸ் வந்த பிறகுதான் எழுந்தேன். மோட்டார் ஓடியது. அதற்குள் கரையில் பாதி மீன் கெட்டுப்போயிருந்தது. இனிமேல் முதலாளி என்னைக் கூப்பிடமாட்டாராம். கூப்பிடாவிட்டால் போகட்டும். மீனுக்காக வருத்தம் உண்டு. மறித்ததற்காக இல்லவே இல்லை.