பாட்டரி வண்டியின் இடது பக்கம்

மே 9, ஞாயிறு

விடிந்ததுமே வெயில். நாகமலைப் பக்கம் ஒரே ஒரு மேகம், அதுவும் பேருக்கு.

அப்பா எழுப்பினார். அவர் மாஸ்டராக வேலை பார்க்கும் நூல் மில்லின் கோல்ஃப் மைதானத்தில் இன்று நான் ஆட வேண்டுமாம். புது டைரக்டர் கோயமுத்தூரிலிருந்து வந்து கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கிறார். கூட அவர் மனைவி. அந்த அம்மாவும் ஆடுவாராம். ஆண்களோடு சேர்த்துவிடுவது நன்றாக இருக்காது என்று, குவார்ட்டர்ஸிலேயே ஸ்டிக் பிடிக்கத் தெரிந்த ஒரே பெண்ணான என்னை ஜோடி சேர்த்துவிட்டார்கள். அப்பா பின்னாலேயே சுற்றிப் பழகியதற்குக் கிடைத்த பலன்.

அவசர அவசரமாக கிளப் வாசிப்பறைக்கு ஓடிப்போய் அந்த மஞ்சள் கோல்ஃப் புத்தகத்தில் மரியாதைகள் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம். முன்பின் தெரியாதவரோடு ஆட நேர்ந்தால்:
- முதலில் பெயர் சொல்லிக் கை கொடுக்க வேண்டும்.
- அவர் அடிக்கும்போது அசையக் கூடாது, பேசக் கூடாது.
- நம் நிழல் அவர் பந்தின் வழியில் விழக் கூடாது.
- குழிக்குத் தூரத்தில் இருப்பவர் முதலில்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று புத்தகத்தில் இல்லை. இங்கே புல் ஏது? குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணல் வட்டம்தான். ஆடி முடித்ததும் அவரவர் காலடியை அவரவரே சாக்கு இழுத்து அழித்துவிட்டு வர வேண்டும். பின்னால் வருகிறவருக்குச் சுத்தமான மணல். எனக்கு மிகவும் பிடித்த வேலை.

அந்த அம்மா பெயர் சரோஜினி. பருமன். வெள்ளை கான்வாஸ் ஷூ, மேலே பட்டுச் சேலை. "என் பெயர் கயல்விழி" என்று கையை நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு பெப்பர்மிண்ட் வைத்தார்.

அவருக்கு முழங்கால் வலி. அதனால் மில்லுக்குள் நூல் கூடை ஏற்றிப் போகிற பாட்டரி வண்டியை, பின்னால் ஒரு பெஞ்சு கட்டி, குடை செருகிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுவது பாண்டி அண்ணன்.

"ஏறுங்கண்ணு" என்று சரோஜினி அம்மா பெஞ்சில் தன் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

நான் எப்போதும் நடந்துதான் ஆடுவேன். நடந்தால்தான் அடுத்த அடியை யோசிக்க முடியும். ஆனால் ஒருவர் வண்டியில், ஒருவர் நடை என்றால் எது மரியாதை? புத்தகத்தில் பதில் இல்லை. அந்தக் காலத்தில் வண்டியே இல்லை போல. நடந்தால் எனக்காக அவர் வெயிலில் காத்திருக்க நேரும். ஏறிவிட்டேன்.

பாண்டி அண்ணன் திரும்பிப் பார்த்து, "இம்புட்டு நாளு நூலத்தான் ஏத்துனேன். இன்னைக்கித்தேன் ஆளு ஏத்துறேன். ரெண்டு பேரும் கெட்டியாப் புடிச்சுக்கங்க, பிரேக்கு கொஞ்சம் கோவக்காரன்" என்றார்.

முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு ஒன்பது குழியும். நடுவே பெஞ்சின் ஆணி. கேள்விகள்: என்ன படிக்கிறாய், பாட வருமா, தூக்கத்தில் பேசுவாயா? (கடைசிக் கேள்வி எதற்கு?) "என்ற ஊட்ல எட்டு ரூமு. பேசறதுக்கு ஒரு ஆளில்லீங்கண்ணு." குழந்தைகள் இல்லை. பந்து முள்ளுக்குள் போனால் காலால் வெளியே தள்ளிக்கொள்கிறார். நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்துத் தடத்தில் அப்பா டைரக்டரோடு நடந்து போனார். வண்டியில் என்னைப் பார்த்துக் கை அசைத்தார். நானும் சிரித்து அசைத்தேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். வியர்வையும் பெப்பர்மிண்ட் வாசனையும்.

மே 11, செவ்வாய்

வெயில். மாடியில் வடகம் காயப்போட்டோம். காக்காய் விரட்டுவது என் வேலை. லைப்ரரிப் புத்தகம் முடிந்தது. இரண்டாம் பாதி சுமார்.

மாடிப்படி இறங்கும்போது சமையலறையில் அப்பா, அம்மா குரல். நின்றது தப்புதான். நின்றேன்.

அப்பா: "அந்தம்மா நம்ம பிள்ளைய அவங்க வீட்டுலேயே வச்சுக்கிறாகளாம். ப்ளஸ் ஒன்ல இருந்து காலேஜு வரைக்கும் அங்கயே. எல்லாம் அவங்க பொறுப்பு."

அம்மா: "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அப்பா: "கேக்க என்ன இருக்கு? அன்னைக்கி வண்டியில எம்புட்டுச் சந்தோசமா உக்காந்து வந்தா தெரியுமா? நீ பாக்கலயே."

தாளிக்கும் சத்தம்.

சந்தோஷமா! மரியாதைக்காக உட்கார்ந்தேன். மரியாதைக்காகச் சிரித்தேன். அதை வைத்து என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்புகிறார்கள்.

மே 12, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். கோபத்தில் எழுத்து கோணல்.

நிதானமாக யோசிக்கிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் இன்னும் வரவில்லை. வந்ததும் என் பள்ளியிலேயே முதல் குரூப் என்று நானும் தேன்மொழியும் பேசி வைத்திருக்கிறோம். ஒரே பெஞ்சு, ஒரே பஸ். அங்கே போனால்? எட்டு அறை வீட்டில் நாள் முழுக்க அந்த இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிட்டால் நன்றி, படித்தால் நன்றி. முகம் சுளிக்க முடியாது, கதவைச் சாத்த முடியாது. அவர் நல்லவர்தான். அதுதான் இன்னும் கஷ்டம்.

தேன்மொழியிடம் சொன்னேன். "அடிப்பாவி, குடுத்து வச்சவடி நீ. அந்த ஊருல ராத்திரியில ஜிலுஜிலுன்னு இருக்குமாம்ல" என்றாள். யாருக்கும் புரியாது.

சாயங்காலம் அப்பா ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தார். பச்சை, மூடியில் ரோஜாப்பூ. "சும்மா, தேவப்படும்ல" என்றார். கேட்க வாய் வரை வந்தது. அவர் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

மே 14, வெள்ளி

மழை வருவதுபோல் புழுதிக்காற்று. வரவில்லை.

ஞாயிறு மறுபடி அந்த அம்மாவோடு ஆட்டம். ஒரு யோசனை. நான் வேண்டாம் என்றால்தானே தப்பு? அவருக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டால்?

செய்ய வேண்டியவை:
- அவர் அடிக்கும்போது இருமுவது.
- நிழலை அவர் பந்தின் மேல் விடுவது.
- அவர் முறையில் நான் முந்தி அடிப்பது.
- சாக்கு இழுக்காமல் வருவது.

கடைசி வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மே 16, ஞாயிறு

நடந்தது எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

முதல் குழியில் அவர் கையை ஓங்கும்போது இருமினேன். பந்து நேரே போய் விழுந்தது. "பாத்தியா!" என்று என் முதுகில் தட்டினார். இரண்டாவதில் என் நிழலை அவர் பந்துமேல் கிடத்தினேன். "அப்படியே நில்லு சாமி, கண்ணு கூசாம இருக்குது" என்றார். மூன்றாவதில் முந்தி அடித்தேன். "நல்லதாப் போச்சு, நான் மூச்சு வாங்கிக்கறேன்." நாலாவதில் சாக்கைத் தொடாமல் வந்தேன். மணலில் எங்கள் காலடிகள் மாடு புகுந்த மாதிரி கிடந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாண்டி அண்ணன்தான், "என்ன பாப்பா, ஒடம்புக்கு முடியலயா?" என்றார்.

அவருக்கு ஒரு விதியும் தெரியாது! யாரும் சொல்லித் தந்ததே இல்லை. உலகத்தின் மிகப் பெரிய மரியாதைக் குறைவுகளை ஒன்று விடாமல் செய்கிறேன், அவர் முகம் மலர்ந்துகொண்டே போகிறது. "போன வாரம் பொம்மையாட்டம் உக்காந்திருந்தே. எனக்கே பயமாப் போச்சு. இன்னிக்குத்தான் நம்மூட்டுப் பிள்ளையாட்டம் இருக்கறே."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை.

ஏழாவது குழிக்குப் போகும் வழியில் வண்டி முனகி நின்றது. ராத்திரி ஷிப்டில் நூல் ஏற்றிவிட்டு சார்ஜ் போட மறந்திருக்கிறார்கள். "நான் போயி ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று பாண்டி அண்ணன் ஓடினார். நிழல் என்று சொல்ல ஒரு கருவேலமரம்கூட இல்லை. சரோஜினி அம்மா இறங்கி, "நடந்தரலாங்கண்ணு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல கனம். இரண்டடி, நிற்பது. இரண்டடி, நிற்பது. வெள்ளாடுகள் எங்களைத் தாண்டிப் போயின.

பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது வராத தைரியம் நடக்கும்போது எப்படி வந்தது என்று தெரியவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நான் கோயமுத்தூர் வரலை. எனக்கு இங்கதான் படிக்கணும். தப்பா நினைக்காதீங்க."

நின்றுவிட்டார். கை தோளிலேயே இருந்தது.

"என்னங்கண்ணு சொல்றே? நீதான் வர்றதுக்கு ஆசப்படறேன்னு உங்கப்பா சொன்னாரே."

"எங்கப்பா சொன்னாரா?"

"அவருதானே வந்து கேட்டாரு. புள்ளைக்கு உங்களைக் கண்டா உசுரு, கூட வச்சுக்கறீங்களான்னு. அத்தன பெரிய மனுசன் கையக் கட்டீட்டு நிக்கறாரு. எப்படி மாட்டேங்கறது? எனக்குமே ரோசனதான். வளந்த பிள்ள, யாரோட பிள்ளையோ. ராவுல எந்திரிச்சு அழுதா நான் என்ன பண்ணுவேன்?"

தூக்கத்தில் பேசுவாயா என்று கேட்டது இதற்குத்தான்.

வெயிலில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நானா வேண்டாம்னா உங்கப்பா பயந்துக்குவாரு. டைரக்டரு சம்சாரத்துக்கு என்னமோ கோவம்னு நெனச்சுக்குவாரு. சம்பளத்துக்கு இருக்கறவருக்கு அது எத்தன நோவும்னு எனக்குத் தெரியும். நீ சொல்றியா?"

சொல்கிறேன் என்றேன். ஆட்டத்தை அத்தோடு விட்டோம். வழியில் நாலாவது மணல் வட்டம். அவரை வரப்பில் உட்கார வைத்துவிட்டுப் போய் சாக்கு இழுத்துவிட்டு வந்தேன். "அதெதுக்குங்கண்ணு?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.

ராத்திரி அப்பாவிடம் சொல்லவில்லை. டைரக்டர் தன்னோடு தேநீர் குடித்ததை அப்பா அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார்.

மே 17, திங்கள்

காற்று நின்று போய்ப் புழுக்கம். ரிசல்ட் இந்த வாரமே வரலாம் என்கிறார்கள்.

அப்பா பகல் ஷிப்ட் முடிந்து வந்ததும், முகம் கழுவும் முன்பே சொல்லிவிட்டேன். தலைமுடியிலும் மீசையிலும் பஞ்சு. அப்படியே நின்று கேட்டார்.

"வண்டியில சிரிச்சுக்கிட்டுத்தான தாயி வந்த?"

"அது மரியாதைக்குப்பா."

அம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஷிப்டை நிறுத்தப் போகிறார்களாம். மில்லில் இன்னும் யாருக்கும் தெரியாது. நிறுத்தினால் முதலில் மாஸ்டர்களைத்தான் குறைப்பார்களாம். வேலை போனால் இந்த வீடும் போகும். "நாங்க எங்க போயி நின்னாலும் நீயாச்சும் நல்ல எடத்துல இருப்பேல்லன்னு பாத்தேன். அம்புட்டுத்தேன்."

இதை எதிர்பார்க்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி வந்தது. மறுபடியும் மரியாதைக்கு. சொல்லவில்லை.

"எங்க போனாலும் நானும் கூட வாரேன்ப்பா" என்றேன். "அந்த ஊர்லயும் ஸ்கூல் இருக்கும்."

அம்மா, "பெறகென்ன, அதான் சொல்லிட்டாள்ல" என்றார், அப்பாவைப் பார்க்காமல்.

அப்பா மீசையிலிருந்த பஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "கேட்டவன் நானு. நாந்தேன் போயி வேணாம்னு சொல்லணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

அந்தம்மாவுக்கும் சம்மதமில்லையாம் என்று சொன்னேன். உருட்டிய பஞ்சைக் கீழே போட்டார். பிறகு அம்மாவிடம் வேறு சட்டை கேட்டார்.

இப்போது குளித்துக்கொண்டிருக்கிறார். கெஸ்ட் ஹவுஸுக்கு இரண்டு பேரும் போகிறோம். பேசுவது அவர், நான் பக்கத்தில் நின்றால் போதுமாம். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. கூப்பிடுகிறார்.