மேட்டுக் கொல்லைத் திராட்சை

நெய்வேலி, பிளாக் 21
10.6.84

பிரான்சு தேசத்தில் இருக்கும் என் மகன் கொளஞ்சிநாதனுக்கு அம்மா சின்னம்மாள் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படியே இருப்பாய் என்று கொளஞ்சியப்பரை நம்பி எழுதுகிறேன். முதலில் நல்ல சேதி. உன் அக்கா மாரியம்மாளின் மூத்தவள் புஷ்பவல்லி பத்தாவதில் நானூற்றுப் பதினெட்டு மார்க், கணக்கில் மட்டும் தொண்ணூற்றாறு. அவள் தம்பி வேணு கடலூர் போய் ஓட்டத்தில் கோப்பை வாங்கி வந்தான், வருகிறவர்கள் கேட்கட்டும் என்று அதை அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறோம். கடைக்குட்டி பாப்பா மூன்றாவதுதான், ஐந்தாவதோடு நின்ற என் எழுத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பிடிக்கிறாள்.

உன் அப்பாவின் வருஷப் படையல் வைகாசி அமாவாசையில் குறையில்லாமல் முடிந்தது. நீ பாண்டிச்சேரி ஆளிடம் கொடுத்தனுப்பிய இரண்டு புட்டியும் உடையாமல் வந்து சேர்ந்தன. கருவாட்டுக் குழம்பு, சுருட்டு இவற்றோடு உன் கிரனாஷ் திராட்சை ஒயினையும் இரண்டு டம்ளரில் ஊற்றி அவர் படத்துக்கு முன்னால் வைத்தோம். தக்கையை எடுக்கத் தெரியாமல் உன் அத்தான் ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே தள்ளிவிட்டார், பிறகு வேட்டித் துணியில் வடிகட்டினோம். கலியன் மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னாக்கா இது, வர்ற வழியில காடியா பூட்டுதா என்றான். எனக்கும் திராட்சை என்றால் இனிப்பு என்றுதானே நினைப்பு, கெட்டுவிட்டது என்று நம்பி என் டம்ளரில் சர்க்கரை போட்டுக் கலக்கிவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. மறுநாள் எல்லோரும் போன பிறகு உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதியை வெறுமனே குடித்துப் பார்த்தேன். பள்ளத்துக் கொல்லையில் விளைந்தது என்று நீ எழுதிய புட்டி நிறமும் வெளிறி, நாக்கில் பட்டதும் போய்விட்டது. நம் குழாயடிப் பலாவும் அப்படித்தான், கண்ட தண்ணீரையும் குடித்துப் பழம் பெருக்கிறது, சுளையில் ஒன்றும் இருக்காது. மேட்டுக் கொல்லைப் புட்டி வேறு. மாதுளஞ்சாறு நிறம், மிளகு வாசனை, இறங்கும்போது மார்பில் ஒரு சூடு, கடைசியில் முந்திரிப்பழம் தின்றாற்போல நாக்கைப் பிடித்தது. மழை தப்பிய வருஷம் பண்ருட்டிக் கொல்லைகளில் பழம் சின்னதாய்த்தான் இருக்கும், ஆனால் சாறு கெட்டி, கூலிக்குப் பொறுக்கிய எனக்குத் தெரியும். பனங்காய் அளவு கற்கள், அவற்றுக்கு நடுவே பந்தல் இல்லாத குத்துச் செடி, பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்து இரவில் செடிக்குக் கொடுக்கிறது, வடக்கத்திக் காற்று பூஞ்சை பிடிக்க விடாது என்று நீ எழுதியதெல்லாம் அந்த ஒரு வாயில் விளங்கியது. கிழட்டுச் செடி என்று பிடுங்க இருந்ததை வேண்டாமென்று தடுத்து நீயே கவாத்து செய்தாய் என்பதையும் இரண்டு முறை படித்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா மைன்ஸ் வேலையில் இருக்கும்போதே போனதால் அவர் பர்மனெண்ட் இடம் உனக்குக் கிடைக்கும், ஆடிக்குள் விண்ணப்பம் தரவேண்டும், முதலாளி நம்பிக் கொடுத்த அந்த மேட்டுக் கொல்லையின் பொறுப்பை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ வந்தால் இந்தக் குவார்ட்டர்ஸ் நமக்கு நிற்கும், வராவிட்டால் காலி செய்ய வேண்டும். மைன்ஸ் வேலய உட்டுட்டு எவனாச்சும் வெள்ளக்காரன் கொல்லையில சாராயம் காய்ச்சிகினு குந்தியிருப்பானா என்று மாமா தெருவுக்கே கேட்கப் பேசினான். நானும் விண்ணப்பத் தாளை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். உன்னை ஆறு வருஷமாய்ப் பார்க்கவில்லை. ஆனால் தம்பி, உன் தாத்தாவும் அப்பாவும் நானும் எத்தனை கொல்லையில் குனிந்திருக்கிறோம், எங்களில் ஒருவரை நம்பி, எதை வெட்டலாம், எதை விடலாம் என்று யாரும் கேட்டதில்லை. உன்னைக் கேட்கிறார்கள். நீ சொன்னது சரி என்று அந்தப் புட்டி சொல்கிறது. நீ வர வேண்டாம். என் மகன் வரவில்லை, இடம் வேண்டாம் என்று போன வெள்ளிக்கிழமை ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி மாற்ற முடியாது, நீயும் மனசை அலைய விடாதே. மாமா என்னோடு பேசுவதில்லை. ஆவணியில் மந்தாரக்குப்பத்தில் மாரி வீட்டுக்கே போகிறேன், அவள் பின்கட்டை எனக்கு ஒழித்துத் தந்திருக்கிறாள், பிள்ளைகள் கூட இருப்பார்கள்.

நீ குடிக்கிறதை ருசி பார்க்கிற அளவோடு வைத்துக்கொள், குளிருக்குத் தலையில் கட்டிக்கொள், கவாத்துக் கத்தியில் கவனமாக இரு. நீ கை வைத்த செடியெல்லாம் காய்க்கட்டும், உனக்கும் ஒரு குடும்பம் அமையட்டும். போன போட்டோவில் கோட்டு போட்டுத் திரைக்கு முன்னால் நிற்கிறாய், யாரோ போல இருக்கிறது. கொல்லையில் நின்று ஒன்று எடுத்து அனுப்பு. கல்லும் செடியும் உன் கையும் தெரிய வேண்டும்.

உன் அம்மா,
பா. சின்னம்மாள்