மாவு படிந்த பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ரொட்டிக்கடை அடுப்பும் சௌக்கியம், அங்கே நீயும் உன் மனைவியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி வேண்டுதல். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கேட்டால் "எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்" என்பார், மாவு மூட்டையைத் தூக்கச் சொன்னால் மட்டும் குதிரை படுத்துக்கொள்ளும். தங்கச்சி பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் கடையைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாள். உன் இருமலை அலட்சியம் செய்யாதே, வெந்நீர் குடி.

போன முறை வந்தபோது உன் மனைவி மேஜைமேல் ஒரு தடிப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாளே, அவள் வேலை பார்க்கும் அகராதி அலுவலகத்தில் போட்டது, இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்று சொல்வது. உன்னிடம் மறைப்பானேன், ஐந்து மாதமாக அதை மாவுத் தொட்டியின் மூடிமேல் பாரமாகத்தான் வைத்திருந்தேன், மாவு உப்பி மூடியைத் தள்ளாமல் இருக்க அதைவிட நல்ல கனம் கிடைக்கவில்லை. போன வாரம் ஒரு மத்தியானம், ரொட்டியெல்லாம் விற்றுத் தீர்ந்து அடுப்பு மெல்ல ஆறிக்கொண்டிருந்தது, அப்பா மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனார், ஜன்னல் வெயிலில் மாவுத்தூள் மிதந்துகொண்டிருந்தது, எனக்கும் கண் சொக்கியது, சும்மா புரட்டினேன். பத்தாவது வரை படித்த இங்கிலீஷ் எங்கேயோ ஒளிந்திருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. விண்டோ என்றால் காற்றின் கண்ணாம், டெய்சிப் பூ என்றால் பகலின் கண்ணாம். யாரோ ஒருத்தி, கையில் வேலை இல்லாத ஒரு நேரத்தில், சுவரில் இருந்த திறப்பைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அன்றிலிருந்து கடை ஜன்னல் என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

அப்புறம் பார், லார்டு என்றால் ஆதியில் ரொட்டியைக் காப்பவன், லேடி என்றால் மாவு பிசைகிறவள். அப்பாவை எழுப்பிச் சொன்னேன், "இத்தனை வருஷமா ஒரு லார்டையா மூட்டை தூக்க வெச்சே" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். நான் மட்டும் விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டே போனேன். கம்பானியன் என்ற வார்த்தை வந்தது, கூடவே உட்கார்ந்து ரொட்டியைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிறவர் என்று போட்டிருந்தது. அதன் கீழே பென்சில் கோடு, ஓரத்தில், இப்போதுதான் தமிழ் எழுத்துப் பழகும் உன் மனைவி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலத் தமிழில் 'அம்மா' என்று எழுதியிருந்தாள். அவள் புத்தகத்தை மறந்து போகவில்லையடா, எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நம் வீட்டில் எப்போதும் மூன்று நாற்காலிதான், அப்பாவுக்கு, உனக்கு, தங்கச்சிக்கு. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டே இருக்கும்போது எனக்கு எங்கே உட்கார நேரம், நின்றபடியே தின்று பழகிவிட்டேன், எனக்கென்று ஒன்று வாங்க எனக்கே தோன்றவில்லை. நீங்கள் இருந்த எட்டு நாளும் அவள் தன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னாள், நானும் "நீ சாப்பிடும்மா, நான் அப்புறம்" என்று தட்டோடு அடுப்புப் பக்கம் போய்விட்டேன். அதைத்தான் அவள், உங்க அம்மாவுக்கு என்னோடு சாப்பிடப் பிடிக்கவில்லை என்று உன்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நீ போனில் கேட்டபோது "அவளா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன், இந்த வருஷம் வரமாட்டோம் என்று நீயும் சொல்லிவிட்டாய். பாதி பழக்கம்தான், மீதி பாதி என் வீம்பு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாயே என்ற கோபத்தை அந்தப் பெண்மேல் காட்டிவிட்டேன், தப்புதான்.

நேற்றுத் தச்சர் நாலாவது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்து ஒரு ரொட்டி முழுக்கத் தின்றேன், யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போன மாதிரிக் கூச்சமாக இருந்தது, ரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, இத்தனை நாள் ருசி பார்க்கவே இல்லை போல. இதை என் மருமகளுக்கு வரி விடாமல் படித்துச் சொல், வீம்பு என்கிற இடத்தையும் விடாதே. எப்போது வருகிறீர்கள் என்று அவளையே எழுதச் சொல், எழுத்து கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

இருவரும் நூறு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும்.

மாவுக் கையோடு,
அம்மா

மறந்துவிட்டேனே, புத்தகம் இப்போது அலமாரியில் இருக்கிறது. தொட்டிமேல் செங்கல் வைத்துவிட்டேன்.