டீக்கடையில் கேட்ட வழி

14-5-87, வியாழன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டில் நடந்ததே திரும்பத் திரும்ப ஓடுகிறது.

சேலம் பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம், குப்புசாமியின் டீக்கடையில் என் லாட்ஜின் பெயரைச் சொல்லியே வழி கேட்டது. "அங்க ரூம் இல்லீங்க. ஏரியோரம் புது ஓட்டல் வந்திருக்குதுங்க, அங்க போங்க" என்று கை காட்டினார். நான் பின்னால் நின்றதை அவர் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும், "ஏனுங்க, இது நியாயமுங்களா?" என்றேன்.

அவர் அசரவே இல்லை. "ஆள் அனுப்புனா அஞ்சு ரூபாய்னு போன மாசம் நீங்கதானுங்க ஆரம்பிச்சு வெச்சீங்க. அந்த ஓட்டல்காரரு பத்துத் தர்றாருங்க."

சீசனிலும் பாதி அறை காலியாகக் கிடக்கிறதே என்றுதான் அந்த ஐந்து ரூபாயை ஆரம்பித்தேன். அதற்கு முன் ஆறு வருஷம், யார் கேட்டாலும் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு என் வாசல்வரை கொண்டுவந்து விட்டவர். ஒரு பைசா கேட்டதில்லை.

இன்று அவரிடம் பன்னிரண்டு தருகிறேன் என்றேன்.

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார்.