ஒரே கேனில் வந்த பெட்ரோல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கையும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நலமாக இல்லாதது என் வலது கை மட்டும்தான். சில நாளாக விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது, பேனாவைப் பிடித்தால் எழுத்து தானாகக் குலுங்குகிறது. பயப்படாதே, டாக்டரிடம் காட்டிவிட்டேன், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதில் அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது. மெஷின் அதிர்வுதான், ஒரு வாரத்தில் சரியாகும் என்றார். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேச்சுவாக்கில் சொல்வதைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்று பிடிவாதம், அவரவர் பேசிய பேச்சை மட்டும் அப்படியே எழுத ஒப்புக்கொண்டாள். எங்கள் ஸ்டோர் கீப்பரை நான் ‘அவன்’ என்று சொன்னால் இவள் ‘அவர்’ என்று மாற்றிவிடுகிறாள். மரியாதை அவளுடையது, என்னுடையது இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ போன கடிதத்தில், வாடகை வீட்டுக்குப் பின்னால் புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது, வீட்டுக்காரர் கெடு வைத்துச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார், பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்று இரண்டே வரியில் கேட்டிருந்தாய். கேட்டது இரண்டு வரி, பதில் இரண்டு வரியில் அடங்காது. இந்த மாதம் நானே கம்பெனிக்குக் கம்பெனி மெஷின் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், அதோடு ஓர் ஆளையும் ஒரு கை பார்த்துவிட்டேன். இரண்டும் ஒரே கதைதான். போன வருஷம் என்னைப் புல்வெட்டும் வேலையிலிருந்து எடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியபோது, முதுகுவலி என்று நானே கேட்டு வாங்கினேன் என்று சொல்லியிருந்தேன். அது பொய். குழந்தைகள் வார்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் வெட்டிக்கொண்டிருந்தபோது என் கையில் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, உள்ளே பிஸ்டன் இறுகிப்போய்க் கயிற்றை இழுத்தால் கல்லை இழுப்பதுபோல் நின்றது. ஸ்டோர் கீப்பர் வந்து பார்த்தார், பிறகு காலை ஆஜருக்கு எல்லோரும் நிற்கும் இடத்தில் வைத்து, “பொம்பளைங்க கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான். துணி துவைக்கிற மாதிரி அடிச்சு ஓட்டுனா இன்ஜின் தாங்குமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சோப்பும் கையுறையும் அவர் கையால்தானே வாங்க வேண்டும், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? என் ஃபைலில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வார்த்தை ஏறியது. பதினாறு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை நான், எனக்குக் கவனக்குறைவாம். அப்பா, “விடு, நாய் குரைச்சா நாமளும் குரைக்கணுமா” என்றார். நான் குரைக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

பதினான்கு மாதம் தினமும் அவருக்குச் சிரித்த முகத்தோடு வணக்கம் வைத்தேன். சிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் வெளியே தெரியாது, அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் வேலை எனக்கு அவமானம் என்று நினைத்துப் போட்டார், ஆனால் வண்டி நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய செடிகளும் என் பொறுப்பு என்பதை யோசிக்கவில்லை. அந்தச் செடிகளுக்குப் பின்னால் குனிந்து நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. ஆஸ்பத்திரிப் புல்வெட்டிக்கு என்று வரும் ஆயில் பாட்டிலை அவர் தன்னுடைய பழைய ஸ்கூட்டரில் ஊற்றுவதை நான் ஒரு நாள் பார்த்தேன், மறுவாரமும் பார்த்தேன், அதற்குப் பிறகு பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்த ஸ்கூட்டரும் எங்கள் பழைய புல்வெட்டியும் டூ ஸ்ட்ரோக், அந்த ரகத்துக்கு இன்ஜின் ஆயில் தனியாகக் கிடையாது, பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும், கலக்காவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி வெந்து ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கலந்தது என்று கொடுத்த கேனில் பேருக்குத்தான் ஆயில் இருந்திருக்கிறது. கொடுத்தவரை நம்பி நிறத்தைப் பார்க்காமல் ஊற்றினேனே, நான் செய்த ஒரே கவனக்குறைவு அதுதான். உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சாட்சி யார் என்று கேட்டால் நானும் ரப்பர் குழாயும்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

இப்போது புதிதாக வந்திருக்கும் பெரிய டாக்டரம்மா எட்டு மெஷின் புதிதாக வாங்கச் சொல்லிவிட்டார். கடைக்காரர்கள் இரண்டு பேர், இரண்டு கம்பெனி. மஞ்சள் மெஷின் டூ ஸ்ட்ரோக், நீல மெஷின் ஃபோர் ஸ்ட்ரோக், அதில் ஆயிலுக்குத் தனி அறை உண்டு, டேங்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, எங்களில் உயரமானவள், உனக்குத்தான் தெரியுமே, தலையில் இடிக்காமல் எந்தக் கதவிலும் நுழைய மாட்டாள், அவள் என் பேரைச் சொல்லிவிட்டாள். ஸ்டோர் கீப்பர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மெஷினுக்கும் கூட வந்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், உன் தங்கை பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டையும் அட்டை முதல் அட்டை வரை படித்தாள். “அம்மா, மஞ்சளுக்கு ரெண்டாம் பக்கத்துலயே கட்டம் கட்டிப் போட்டிருக்கான், ஆயில் கலக்காத பெட்ரோல் ஊத்தவே கூடாதாம்” என்றாள். இரண்டு நாள் இரண்டையும் மாற்றி மாற்றித் தோளில் மாட்டி ஓட்டினேன், கை மரத்துப்போனது அதில்தான். நீலம் சத்தம் குறைவு, புகை குறைவு, ஆனால் கனம். சரிவில் பக்கவாட்டாக நின்று வீசும்போது இடுப்பைப் பிடித்துக் கீழே இழுக்கிறது, சாய்த்துப் பிடித்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. மஞ்சள் லேசு, புல்லை வெட்டும் நைலான் நரம்பு தேய்ந்தால் மெஷின் தலையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் போதும், தானாக நீளும், ஈரப்புல் சுற்றிக்கொள்வதும் இல்லை. எட்டுப் பெண்கள் தினம் ஆறு மணி நேரம் சுமக்க மஞ்சள்தான் சரி என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சளைக் கொண்டுவந்த கடைக்காரர் யார் தெரியுமா? ஸ்டோர் கீப்பரின் மனைவியுடைய தம்பி. என் வயிறு எரிந்த எரிச்சலில் இன்னும் இரண்டு மெஷின் ஓட்டியிருக்கலாம். யார் தோள் எப்படிப் போனால் என்ன, நீலம் என்றே சொல்வது என்று முடிவுசெய்துகொண்டேன்.

போன வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் அதே சரிவில் சோதனை. டாக்டரம்மா, அவருடைய ஆபீஸ் ஆட்கள், கடைக்காரர்கள் இரண்டு பேர், நாங்கள் எட்டுப் பேர். ஸ்டோர் கீப்பர் ஒரே ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீலத்துக்கு அதிலிருந்து ஊற்றினார், மஞ்சளுக்கும் அதிலிருந்தே ஊற்றப் போனார். ஆயில் கலந்த பெட்ரோல் பச்சையாக இருக்கும், இது வெளிறிப்போய்க் கிடந்தது. ஸ்கூட்டர் குடித்தது போக ஸ்டோரில் ஆயில் இருந்தால்தானே? கொஞ்ச நேரம் ஓட்டுவதற்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். நான் குனிந்து கேனைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, “என்னம்மா, பெட்ரோலையும் ருசி பாத்துத்தான் ஊத்துவியா?” என்றார். ஆபீஸ் ஆட்கள் சிரித்தார்கள். மகனே, அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக ரொம்பப் பணிவாக, “சார் பாத்து ஊத்துனா சரியாத்தான் இருக்கும். போன தடவை மாதிரி என் கையால ஏதாவது ஆயிடப் போவுது, இன்னிக்கு மஞ்சள சார் கையாலயே ஓட்டிக் காட்டட்டும், நாங்களும் கத்துக்கிறோம்” என்றேன். டாக்டரம்மா முன்னால் முடியாது என்பாரா? “இதுல என்ன வித்தை இருக்கு” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

கயிற்றை இழுத்தார், இழுத்தார், ஒன்பது தடவை இழுத்தார். கிளப்புவதற்கு முன் தள்ளிவிட வேண்டிய சோக் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, உயரமானவள் போய் எட்டித் தள்ளிவிட்ட பிறகுதான் கிளம்பியது. கிளம்பியதும் ஆக்சிலேட்டரை அடியோடு அழுத்திக்கொண்டு, புல்லை வெட்டுகிறாரா கொசு விரட்டுகிறாரா என்று தெரியாதபடி வீசினார். நான் ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்தாவது நிமிடம் சத்தம் கீச்சென்று ஏறியது, பதினோராவது நிமிடம் தொண்டையைப் பிடித்ததுபோல் நின்றது. கயிறு அசையவில்லை. அவருக்கு வழக்கமான வசனத்தைச் சொல்ல வழியில்லை, ஓட்டியது பொம்பளை இல்லையே. அதனால், “மெஷினே மட்டம்மா, சரக்கு சரியில்ல” என்றார். பக்கத்தில் நின்ற மைத்துனருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மச்சான், என் சரக்க மட்டம்னு சொல்லாதீங்க, நீங்க என்னத்த ஊத்துனீங்க?” என்று டேங்கைத் திறந்தார், விரலை விட்டு எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். “ஆயிலே இல்லையே! சொட்டு ஆயில் இல்ல! எட்டு மெஷின் ஆர்டர் மச்சான், உங்களுக்கு அறிவு இருக்கா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, “அப்ப நீலத்தையே வாங்கிடலாமா?” என்றார். நான், “அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். போன வருஷம் நின்னுபோன இன்ஜின் கொட்டகைலதான் கெடக்குது, அதையும் இதையும் பக்கத்துல வச்சுத் திறந்து பாத்துடுவோம்” என்றேன். மைத்துனரே திறந்தார், கோபத்தில் இருந்த மனிதர், கை மின்னலாக ஓடியது. இரண்டு பிஸ்டனிலும் ஒரே மாதிரி கீறல், பூனை பிறாண்டியதுபோல். டாக்டரம்மா ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார், ஆயில் எங்கே போகிறது என்று கேட்டார், அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்போது நான் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். போன வருஷம் எந்த இடத்தில் என்னைச் சொன்னாரோ அங்கேயே, தப்பு அந்த அம்மாவுடையது இல்லை என்று சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் முணுமுணுத்தார். நான், “சார், மெஷின் சத்தத்துல எனக்குக் காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு, மறுபடி சொல்லுங்க” என்றேன். மறுபடி சொன்னார். “பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம் சார்” என்றேன். மூன்றாவது தடவை சமையலறை வரைக்கும் கேட்டது. அந்த மூன்று தடவைக்காக இன்னும் பதினான்கு மாதம் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றியிருப்பேன்.

அதற்குப் பிறகு எந்த மெஷின் என்று மறுபடி கேட்டார்கள். நீலம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் உயரமானவள் இடது தோளைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டு நின்றாள், ஆபரேஷன் ஆன தோள் அது. மஞ்சள் என்றேன். மைத்துனர் இரண்டு கையையும் கூப்பினார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் சொன்னது சொன்னதுதான். எல்லோரும் போன பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆயில் இல்லாத பெட்ரோல் உங்க கண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?” என்று கேட்டார். தெரியும் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அவர் ஃபைலில் இருந்த அந்த வார்த்தையைச் சிவப்பு மையில் அடித்தார், ஆயில் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார், கூடவே அந்த மஞ்சள் மெஷினையும் கொடுத்து, “இத ஓட வைக்க வேண்டியது உங்க பொறுப்பு” என்றார். இதை எழுதும்போது உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு, “நீ சொல்லியிருக்கலாம்ல அம்மா” என்றாள். சொல்லியிருக்கலாம், அதையும் எழுது என்றேன்.

ஆக உன் கேள்விக்குப் பதில், உன் பின்கட்டு சமதரையாக இருந்தால் நீலம் வாங்கு, சரிவாக இருந்தால் மஞ்சள் வாங்கு. ஆனால் சாப்பிட்ட தட்டையே மறுநாள் கழுவுகிறவன் நீ, அளந்து ஆயில் கலக்கப் போகிறாயா? நீலமே வாங்கிவிடு. ஓட்டும்போது கண்ணாடி போடு, முதலில் கல் பொறுக்கு, குட்டைக் கால்சட்டையோடு நிற்காதே. அப்பா முழங்காலுக்குத் தைலம் போதும் என்கிறார், நீ சொன்னால்தான் எக்ஸ்ரே எடுப்பார், தொலைபேசியில் இரண்டு அதட்டு அதட்டு. கொட்டகையில் அந்த மெஷினைப் பிரித்துப் பரப்பி வைத்திருக்கிறேன், புது பிஸ்டன் வந்தால் மாட்ட வேண்டும். ஒரு தப்பும் செய்யாத நல்ல மெஷின், அதன் முன்னால் உட்காரும்போது எனக்கு மனசு கனக்கிறது. அந்த ஆளுக்காக இன்று வரை கனக்கவில்லை, இனியும் கனக்காது. நீ கை கால் சுகத்தோடு, யாருக்கும் தலை குனியாமல் நீடூழி வாழ வேண்டும். வீட்டுக்காரரின் கெடு முடிவதற்குள் புல்லை வெட்டிவிட்டு இரண்டு வரியாவது எழுது.

இப்படிக்கு,
ஆயில் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும்
உன் அம்மா