மருந்துப் பை மேலே தொங்கட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு நாகஜோதியின் வணக்கம். மன்னவனூரில் பனி இறங்கிவிட்டதா? உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சென்னையில் நான் நலம்.

ஆஸ்பத்திரியில் என் நர்ஸ் வேலையில் ஒரு சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். காய்ச்சல்காரர் ஒருவருக்குப் பெரிய குளுக்கோஸ் பையையும் சின்ன மருந்துப் பையையும் ஒரே குழாயில் சேர்த்து, ஒரே உயரத்தில் மாட்டியிருந்தார்கள். ஒரு மணி நேரமாகியும் மருந்து பாதிகூட இறங்கவில்லை. நம் தோட்டத்தில் மேட்டுத் தொட்டித் தண்ணீர்தானே முந்தும்? இங்கும் அதே கதைதான். எல்லாக் கட்டிலிலும் பெரிய பையை பேண்டேஜ் துணியில் கட்டிக் கீழே இறக்கினேன்.

“வரிசையா இருந்தாத்தான் வார்டு பார்க்க அழகு. பழையபடி மாட்டு. மருந்து முழுசாப் போச்சுன்னு எழுது” என்றார் தலைமை நர்ஸ்.

“பழையபடி மாட்டினா பாதி மருந்து பையிலயே கெடக்கும். போச்சுன்னு எப்படிங்க சிஸ்டர் எழுத?” என்றேன்.

விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். ‘நாளைக்கும் இறக்கித்தான் மாட்டுவேன்’ என்று பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

துணிக்கட்டு அடிக்கடி அவிழ்கிறது. பூண்டுக்கட்டு தொங்கவிடும் கம்பிக் கொக்கிகளைக் கழுவி அனுப்புங்கள். வார்டில் பன்னிரண்டு கட்டில். பதின்மூன்றாக அனுப்புங்கள். ஒன்றை மட்டும் கழுவ வேண்டாம், பூண்டு வாசத்தோடு இருக்கட்டும், அது என் அறைக்கு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

ஜோதி